இளஞ்சிறாரும் சட்டமும்: முதல் பதினைந்து நாட்கள்

பதினெட்டு வயது நிரம்பாத ஒருவர் மீது குற்றம் சாட்டப்படும்போது நமது சட்டம் அவரைக் 'குற்றவாளி' என்று அழைப்பதில்லை. 'சட்டத்துடன் முரண்பட்ட குழந்தை' என்றே குறிப்பிடுகிறது. இது வெறும் சொல் மாற்றமன்று. வயது வந்த ஒருவரின் வழக்கில் அவர் என்ன செய்தார், அதற்குரிய தண்டனை யாது என்று சட்டம் வினவுகிறது. சிறாரின் வழக்கிலோ அவர் யார், எவ்வாறு இந்நிலைக்கு வந்தார், இனி அவருக்கு என்ன செய்யலாம் என்றும் வினவக் கடமைப்பட்டுள்ளது. இவ்வினாக்களுக்கு விடை தேடும் பொறுப்பு நன்னடத்தை அலுவலரைச் சார்ந்தது. அதற்குச் சட்டம் அளித்துள்ள கால அளவு 15 நாட்கள். இளஞ்சிறார் நீதிமுறை தன் நோக்கத்தை எய்துமா என்பது பெருமளவுக்கு இந்த நாட்களில் நடைபெறும் பணியைப் பொறுத்தே அமைகிறது.

சட்டம் வளர்ந்த விதம்

குற்றம் புரிந்த சிறாரைத் தனியே கருதும் முயற்சி நம் நாட்டில் 1850ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்துடன் தொடங்கியது. சிறு குற்றங்கள் புரிந்த 10 முதல் 18 வயது வரையிலான சிறாரைத் தொழில் பழக அனுப்புவதற்கு அது வழிசெய்தது. 7 வயதுக்குட்பட்ட குழந்தையின் எச்செயலும் குற்றமாகாது என்று 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் வகுத்தது. 7 முதல் 12 வயது வரையிலான குழந்தை, தன் செயலின் தன்மையையும் விளைவையும் உணரும் முதிர்ச்சி பெறாதிருப்பின் அச்செயலும் குற்றமாகாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் இவ்வரம்புகளையே கொண்டுள்ளது.

1919-20இல் ஆய்வு நடத்திய இந்தியச் சிறைகள் குழு, சிறாரின் வழக்குகளுக்குத் தனி ஏற்பாடு தேவை என்று வற்புறுத்தியது. 1920இல் சென்னை மாகாணம் நாட்டிலேயே முதலாவதாகக் குழந்தைகள் சட்டத்தை இயற்றியது. வங்காளம் 1922லும் பம்பாய் 1924லும் அதைப் பின்பற்றின. யூனியன் பிரதேசங்களுக்காக 1960இல் மத்திய சட்டம் பிறந்தது. ஆயினும் மாநிலத்துக்கு மாநிலம் வயது வரம்பும் நடைமுறையும் வேறுபட்டன. ஒரே வயதும் ஒரே செயலும் ஓரிடத்தில் ஒருவிதமாகவும் மற்றோரிடத்தில் வேறுவிதமாகவும் நோக்கப்பட்டன.

இக்குறையை நீக்க 1986இல் நாடு முழுவதற்குமான இளஞ்சிறார் நீதிச் சட்டம் நிறைவேறியது. அதில் ஆண்களுக்கு 16, பெண்களுக்கு 18 என வயது வரம்பு இருந்தது. ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்ற பின்னர், 2000ஆம் ஆண்டின் சட்டம் இருபாலர்க்கும் 18 என்ற வரம்பை நிறுவியது. அதற்குப் பதிலாக வந்த 2015ஆம் ஆண்டின் சட்டம் 2016 ஜனவரி 15 முதல் செயற்பட்டு வருகிறது.

புள்ளிவிவரங்கள் காட்டுவது

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைப்படி 2022இல் சிறார் மீது 30,555 வழக்குகள் பதிவாயின. அவ்வாண்டு நாட்டில் பதிவான மொத்தக் குற்ற வழக்குகள் 58 இலட்சத்துக்கு மேற்பட்டவை. ஆகவே சிறாரின் பங்கு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவே. அவ்வழக்குகளில் பிடிக்கப்பட்ட சிறார் 37,780 பேர். அவர்களுள் 29,690 பேர், அதாவது 78.6 சதவிகிதத்தினர், 16 முதல் 18 வயது வரையிலானவர்கள். பெரும்பாலோர் பெற்றோருடன் வாழ்ந்து வந்தவர்கள். ஆதரவற்று அலையும் குழந்தைகளே குற்றம் புரிகின்றனர் என்ற பொதுவான எண்ணத்துக்கு இவ்விவரம் இடமளிக்கவில்லை.

எனினும் இவை காவல்துறையின் பார்வைக்கு வந்த குற்றங்களின் கணக்கு என்பதை மறத்தலாகாது. தெருவில் பொழுதைக் கழிக்கும் சிறாரின் தவறு எளிதில் பதிவேட்டில் ஏறுகிறது. வசதி படைத்த வீட்டுப் பிள்ளையின் தவறு பல வேளைகளில் இருவீட்டாருக்குள்ளேயே தீர்க்கப்பட்டு விடுகிறது.

காரணங்கள்

வறுமையே குற்றத்துக்குக் காரணம் என்று கூறிவிடுவது எளிது, ஆனால் சரியன்று. வறுமையில் வளரும் கோடிக்கணக்கான குழந்தைகளுள் மிகச் சிலரே சட்டத்தை மீறுகின்றனர். குழந்தையைச் சுற்றியுள்ள காவலை வறுமை தளர்த்துகிறது என்பதே பொருத்தம். தாயும் தந்தையும் விடியுமுன் வேலைக்குச் சென்று இருட்டிய பின் திரும்பும் வீட்டிலும், பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் பெயரும் குடும்பத்திலும், பிள்ளை பள்ளிக்குச் சென்றானா என்று கேட்க ஆளிருப்பதில்லை. குடும்பத்தில் நிலவும் குடியும் வன்முறையும், தீய நட்பும், போதைப் பொருளும் அவ்விடத்தை நிரப்புகின்றன.

இங்கு ஓர் இடைவெளியைச் சுட்டுதல் வேண்டும். இலவசக் கட்டாயக் கல்வி உரிமை 6 முதல் 14 வயது வரையில் மட்டுமே உள்ளது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 முதல் 18 வயது வரையிலானவர்களை ஆபத்தான தொழில்களில் அமர்த்துவதைத் தடை செய்கிறது. ஆகவே பதினான்கு வயதில் பள்ளியை விட்ட ஒருவனுக்குக் கல்வி கட்டாயமில்லை. உறுதியான வேலையும் தொழிற்பயிற்சியும் எளிதில் கிட்டுவதில்லை. புள்ளிவிவரத்தில் மிகுதியாகக் காணப்படும் வயதினர் இந்த இடைவெளியில் நிற்பவர்களே.

வயது வந்தோரின் பங்கும் சிறிதன்று. பிடிபட்டாலும் தண்டனை குறைவு என்ற கணக்கில் சிறாரை முன்னிறுத்திக் களவும் கடத்தலும் நடத்துவோர் உண்டு. சட்டவிரோதச் செயல்களில் குழந்தைகளை ஈடுபடுத்தும் வயது வந்தோருக்கு 7 ஆண்டுகள் வரை கடுங்காவல் தண்டனையும் 5 இலட்சம் ரூபாய் அபராதமும் விதிக்க 2015ஆம் ஆண்டின் சட்டம் வகைசெய்கிறது.

விசாரணை நடைபெறும் முறை

பிடிக்கப்பட்ட சிறாரைக் காவல் நிலையக் கொட்டடியிலோ சிறையிலோ வைத்தல் கூடாது. கைவிலங்கு இடுதலும் கூடாது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் இளஞ்சிறார் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். குழுமத்தில் ஒரு நடுவரும் இரு சமூகப் பணியாளரும் இடம்பெறுவர்; அவ்விருவரில் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும். பிணை வழங்குவது பொது விதி, மறுப்பது விலக்கு. விசாரணை 4 மாதங்களுக்குள் முடிதல் வேண்டும். மேலும் 2 மாதங்கள் வரை நீட்டிக்கலாம். சிறு குற்றத்தில் அதற்குள்ளும் விசாரணை முடிவுறாவிடில் நடவடிக்கை அத்துடன் கைவிடப்படும்.

தவறு மெய்ப்பிக்கப்பட்டால் அறிவுரை கூறி அனுப்புதல், குழு ஆலோசனை, சமூகத் தொண்டு, அபராதம், நன்னடத்தைக் கண்காணிப்பில் விடுவித்தல், மூன்றாண்டுக்கு மிகாமல் சிறப்பு இல்லத்தில் வைத்தல் ஆகியவற்றுள் தக்கதைக் குழுமம் தேர்ந்தெடுக்கலாம். அத்தேர்வுக்கு அடிப்படையாவது சமூக விசாரணை அறிக்கை.

எடுத்துக்காட்டாக, பதினாறு வயதுச் சிறுவர் இருவர் ஆளுக்கொரு மிதிவண்டியைத் திருடியதாகக் கொள்வோம். ஒருவன் ஒன்பதாம் வகுப்பில் தவறிப் பள்ளியை விட்டவன். நண்பர்களின் தூண்டுதலால் ஒருமுறை செய்தவன். மற்றவனை, பழைய பொருள் வாங்கும் ஒருவர் மாதக்கணக்கில் திருட்டுக்கு ஏவி வந்துள்ளார். குற்றச்சாட்டின் தாளில் இருவரும் ஒன்றே. முதல்வனுக்குத் தேவை மீண்டும் பள்ளியும் ஒரு கண்காணிப்பாளரும். இரண்டாமவனுக்குத் தேவை அவனை ஏவியவரிடமிருந்து பாதுகாப்பு. அலுவலர் வீட்டுக்கும் பள்ளிக்கும் சென்று விசாரித்திருந்தால் இவ்வேறுபாடு வெளிப்படும். மேசையிலிருந்தபடியே படிவத்தில் 'ஏழைக் குடும்பம், கண்காணிப்புக் குறைவு' என்று இருவருக்கும் எழுதி விட்டால், குழுமத்தின் ஆணையும் இருவருக்கும் ஒன்றாகவே அமைந்து, ஒருவருக்கும் பயன்படாது போகும்.

கொடுங்குற்றங்களும் வயதும்

2012 டிசம்பரில் தில்லியில் நிகழ்ந்த கொடுமைக்குப் பின் வயது வரம்பு குறித்து நாடெங்கும் விவாதம் எழுந்தது. வரம்பைக் குறைக்க உச்ச நீதிமன்றம் 2013இல் மறுத்துவிட்டது. நாடாளுமன்றம் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தில் நடுவழி ஒன்றைக் கண்டது. குறைந்தபட்சத் தண்டனை ஏழாண்டோ அதற்கு மேலோ உள்ள கொடுங்குற்றம் 16 வயது நிறைந்தவர் மீது சாட்டப்பட்டால், குழுமம் முதலில் ஒரு மதிப்பீடு செய்ய வேண்டும். அவருடைய மன, உடல் திறன், விளைவை உணரும் ஆற்றல், செயல் நிகழ்ந்த சூழ்நிலை ஆகியவை அதில் ஆராயப்படும். அதன் பேரில் வழக்கு குழந்தைகள் நீதிமன்றத்துக்கு மாற்றப்படலாம். அங்கு வயது வந்தவருக்குரிய விசாரணை நடைபெற்றாலும் மரண தண்டனையோ, விடுதலைக்கு வாய்ப்பற்ற ஆயுள் தண்டனையோ விதிக்க இயலாது. 21 வயது வரை அவர் பாதுகாப்பு இல்லத்திலேயே வைக்கப்படுவார்.

ஒரு சிறுவனின் எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் பாதிக்கக்கூடிய இம்மதிப்பீடு எளிதான பணியன்று. குழுமத்தில் குழந்தை உளவியலிலோ மனநல மருத்துவத்திலோ பட்டம் பெற்றவர் இல்லாவிடில் வல்லுநரின் உதவியைக் கட்டாயம் பெறுதல் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தெளிவுபடுத்தியது. மதிப்பீட்டுக்கும் சமூக விசாரணை அறிக்கையே பெரிதும் துணைபுரிகிறது.

செய்ய வேண்டுவன

இளஞ்சிறார் நீதிக் குழுமங்களிலும் குழந்தைகள் உரிமை ஆணையங்களிலும் உள்ள காலியிடங்களை நிரப்புமாறும், நன்னடத்தை அலுவலரின் இன்றியமையாப் பங்கை உணருமாறும் 2018இல் உச்ச நீதிமன்றம் அரசுகளுக்கு அறிவுறுத்தியது. இதனைச் செலவாக மட்டும் காண்பது பொருளாதார நோக்கிலும் குறையுடையது. பதினாறு வயதுச் சிறுவன் முன் நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட உழைப்புக் காலம் உள்ளது. அவன் தொழில் கற்றுக் குடும்பம் காப்பானாயின் நாட்டுக்கு வரவு. மீண்டும் மீண்டும் வழக்கும் காவலுமாக வாழ்வானாயின் அவனுக்கும், அவனால் பாதிக்கப்படுவோருக்கும், அரசுக்கும் இழப்பு. ஓர் அலுவலரின் ஊதியமும் பயணப்படியும் இவ்விழப்பின் முன் மிகச் சிறியவை.

அலுவலர் ஒருவருக்கு ஒப்படைக்கப்படும் வழக்குகளின் எண்ணிக்கை, அவர் நேரில் சென்று விசாரிக்கக் கூடிய அளவில் இருத்தல் வேண்டும். இல்லத்தை விட்டு வெளிவரும் இளைஞருக்குச் சட்டம் கூறும் பிற்காப்பு உதவி, தங்குமிடமாகவும் வேலையாகவும் கையில் கிடைத்தல் வேண்டும். 14 முதல் 18 வயது வரையிலான இடைவெளியை உயர்நிலைக் கல்வியாலும் தொழிற்பயிற்சியாலும் நிரப்புதல் வேண்டும். சட்டம் கேட்க வேண்டிய வினாக்களைக் கேட்டுவிட்டது. ஒவ்வொரு சிறாரின் வீட்டு வாசலுக்கும் சென்று உண்மையான விடையைக் கொண்டுவருவது நிருவாகத்தின் கடமையாகும்.