சுவரோடு போகும் குசுகுசுப்பு

கேள்வி: லண்டனில் வேலை பார்க்கும் மகன் எங்களை செயின்ட் பால் தேவாலயத்துக்கு அழைத்துப் போனான். 257 படி ஏறினால் வட்டமான ஒரு மாடம். அங்கே சுவரோரம் அவன் குசுகுசுவென்று சொன்னது எதிர்ப்பக்கம் நின்ற எனக்குத் தெளிவாகக் கேட்டது. எங்கள் சங்கமேஸ்வரர் கோயில் மண்டபத்தில் நாலு தூண் தள்ளி நிற்பவர் பேசுவதே கேட்பதில்லையே! மேலே இருக்கும் குவிமாடம்தான் காரணமா?
- ஒரு வாசகி, பவானி

பதில்: மூச்சிரைக்கப் படியேறிய பிறகும் இப்படி யோசித்திருக்கிறீர்களே, பாராட்டுகள். குவிமாடம்தான் ஒலியைத் திருப்பி எதிர்ப்புறம் சேர்க்கிறது என்று 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டனின் அரசவை வானியலாளர் ஜார்ஜ் ஏரியும் நினைத்தார். ஆனால் அது உண்மையென்றால், நேர் எதிரே நிற்பவருக்கு மட்டும்தான் நன்றாகக் கேட்க வேண்டும். அந்த மாடத்திலோ சுவரை ஒட்டி எங்கே நின்றாலும் கேட்கிறது. சுவரைவிட்டு விலகினால் தேய்ந்துபோகிறது.

ஆகவே காரணம் கூரையில் இல்லை, சுவரில் இருக்கிறது. இதை விளக்கியவர் இயற்பியலாளர் ரேலி பிரபு. உட்குழிந்த வட்டச் சுவரில் பட்ட ஒலி சிறு சிறு தாவல்களாகத் திரும்பத் திரும்பச் சுவரிலேயே பட்டு, அதை ஒட்டியே ஓடுகிறது. திருவிழாவில் மரணக் கிணற்றுக்குள் மோட்டார் சைக்கிள் சுவரைவிட்டு விலகாமல் சுற்றுமே, அப்படி. வளைத்த துத்தநாகத் தகட்டின் உட்புறத்தில் ஒரு குறுகிய தடுப்பை வைத்ததுமே ஒலி நின்றுபோவதை அவர் செய்துகாட்டினார்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஒலிச்செறிவு, அதாவது ஓரிடத்தில் வந்து விழும் ஒலி ஆற்றல், கால் பங்காகிவிடும். சுவரோரம் ஏறக்குறைய பாதியாகத்தான் குறையும். சுமார் 34 மீட்டர் விட்டமுள்ள மாடத்தில் இது பெரிய வித்தியாசம்.

சத்தமாகப் பேசாமல் குசுகுசுப்பது ஏன்? குசுகுசுப்பில் 'ஸ்', 'ஷ்' போன்ற சீறல் ஒலிகள் அதிகம். அவற்றின் அலைநீளம், அதாவது ஓர் அலையின் முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் உள்ள தூரம், குறைவு. அலைநீளம் குறையக் குறைய ஒலி சுவரை நெருக்கமாகப் பற்றிக்கொள்ளும்.

இந்த ஆராய்ச்சியில் திருச்சியில் பிறந்த ஒருவருக்கும் பங்குண்டு. 1921-இல் ஆக்ஸ்போர்டில் நடந்த பல்கலைக்கழக மாநாட்டுக்குப் போன சி. வி. ராமன், சதர்லாண்ட் என்பவரோடு சேர்ந்து இதே மாடத்தில் சோதனை செய்தார். ரேலியின் கணக்குப்படி சுவரைவிட்டு விலக விலக ஒலி சீராகக் குறைய வேண்டும். ராமன் கண்டதோ ஏற்ற இறக்கம்: விலகிப் போனாலும், சுவரோரமே நகர்ந்தாலும், ஒலி கூடிக் கூடிக் குறைந்தது.

இனி உங்கள் கோயில். அங்கே சுவர்கள் நேரானவை. மூலைகளும் தூண்களும் ஒலியைப் பல திசைகளில் சிதறடிக்கும். ஒலி ஒட்டி ஓட வழவழப்பான வளைவு வேண்டும். செயின்ட் பால் மாடத்துச் சுவரில்கூட உங்கள் ஊர் ஜமக்காளத்தை வரிசையாகத் தொங்கவிட்டால் பருத்தி ஒலியை விழுங்கிவிடும், வித்தை பலிக்காது.

மறுபடி கேட்க ஆசையா? லண்டன்வரை போக வேண்டாம். கர்நாடகத்தின் விஜயபுராவில் உள்ள கோல் கும்பஸிலும் இதே போன்ற மாடம் இருக்கிறது. ராமன் அதையும் ஆராய்ந்தார். காலையில் முதல் ஆளாகப் போய்விடுங்கள். கூட்டம் சேர்ந்து கூச்சலிட ஆரம்பித்தால் குசுகுசுப்பு எடுபடாது.