கழுத்தில் நரம்புக் கட்டி: அறுவைக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

கழுத்தில் கட்டி தென்பட்டால் வீட்டில் இரண்டு பயங்கள்தான் முதலில் எழும். ஒன்று புற்றுநோய், மற்றொன்று காசநோய். இரண்டையும் சோதித்துப் பார்த்தே ஆக வேண்டும். பெரியவர்களுக்கு வந்த கட்டி இரண்டு மூன்று வாரத்தில் வற்றவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். பீடி, புகையிலைப் பழக்கம் உள்ளவர் என்றால் தாமதமே கூடாது. ஆனால் இந்த இரண்டிலும் சேராத கட்டியும் உண்டு. மருத்துவ உதவி கேட்டு நம்மிடம் வரும் விண்ணப்பங்களில் அது அபூர்வம்; வரும்போது பெருங்குழப்பத்தோடு வருகிறது. அதனால் இந்த இதழில் அதையே எடுத்துக்கொள்கிறோம்.

அது நரம்பின் உறையில் வளரும் கட்டி. மின்கம்பிக்கு மேலுறை இருப்பதுபோல நரம்பு இழைகளைச் சுற்றி ஒருவகை உயிரணுக்கள் உறையாகப் படர்ந்திருக்கின்றன. 1839 வாக்கில் இவற்றை விவரித்த ஜெர்மானிய அறிஞர் தியோடர் ஸ்வான் பெயரால் இவை ஸ்வான் அணுக்கள் எனப்படுகின்றன. இவற்றிலிருந்து எழும் கட்டி ஸ்வானோமா. இது புற்றுநோய் அல்ல. புற்றாக மாறுவதும் மிக மிக அரிது. பெரும்பாலும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் அளவே வளரும். மண்டையோட்டுக்கு வெளியே தோன்றும் ஸ்வானோமாக்களில் நூற்றுக்கு 25 முதல் 45 வரை தலை, கழுத்துப் பகுதியில்தான் வருகின்றன.

பல வருடங்கள் வலியே இருக்காது. சவரம் செய்யும்போதோ, தாவணியைச் சரிசெய்யும்போதோ தற்செயலாகக் கையில் தட்டுப்படும். விரலால் நகர்த்தினால் பக்கவாட்டில் அசையும். மேலும் கீழும் அசையாது. நரம்பு மேலிருந்து கீழாக ஓடுவதே காரணம். கட்டியை அமுக்கும்போது இருமல் பொத்துக்கொண்டு வந்தால், குரலையும் விழுங்குதலையும் ஆளும் வேகஸ் நரம்பில் அது இருக்கிறதோ என்று மருத்துவர் சந்தேகிப்பார். எண்ணெய் தடவி நீவி விடுவதும் பச்சிலை வைத்துக் கட்டுவதும் இதைக் கரைக்காது.

இங்கே ஓர் எச்சரிக்கை. கழுத்துக் கட்டி என்றாலே நெறிக்கட்டி, நெறிக்கட்டி என்றாலே காசநோய் என்று முடிவு கட்டி, சோதனையில் எதுவும் தெளிவாகாமலே ஆறு மாத மாத்திரையைத் தொடங்கிவிடுவது நடக்கிறது. காசநோய் நம் நாட்டில் அதிகம் என்பது உண்மைதான். என்றாலும் எந்த ஆதாரத்தில் மாத்திரை தருகிறீர்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல.

அடுத்தது, சோதனைகளின் வரிசை. பலரும் முதலில் ஊசி குத்திச் சோதித்துவிட்டுப் பிறகு ஸ்கேன் எடுக்கிறார்கள். சந்தேகம் நரம்புக் கட்டி என்றால் ஸ்கேன் முதலில் வருவதே நல்லது. கழுத்தின் பெரிய இரத்தக் குழாயான கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரியும் இடத்திலும் ஒரு கட்டி வரும். அதுவும் பக்கவாட்டில் மட்டுமே அசையும். ஆனால் அது இரத்தம் நிறைந்த கட்டி. படம் பார்க்காமல் வெட்டிச் சதை எடுத்தால் பெரும் இரத்தப்போக்கு ஏற்படலாம். தவிர, ஸ்வானோமாவில் ஊசிச் சோதனை பல நேரம் முடிவு சொல்லாது. குத்தும்போது மின்சாரம் பாய்ந்ததுபோலச் சுரீரென்று வலித்தால் அதுவே ஒரு தடயம்.

எம்.ஆர்.ஐ. படம் இன்னொன்றையும் காட்டித் தரும். வேகஸ் நரம்பு கரோட்டிட் தமனிக்கும் ஜுகுலர் சிரைக்கும் நடுவில் ஓடுகிறது. அதில் வளரும் கட்டி இரண்டையும் விலக்கிப் பிரிக்கும். அவற்றுக்குப் பின்னால் இருக்கும் சிம்பதெடிக் நரம்புத் தொடரில் வளர்ந்தால், இரண்டையும் பிரிக்காமல் சேர்த்தே முன்னால் தள்ளும். எல்லோருக்கும் இப்படித் தெளிவாக அமையாது. ஆனாலும் எந்த நரம்பு என்ற கேள்விக்கு ஓரளவு பதில் அறுவைக்கு முன்பே கிடைத்துவிடுகிறது.

நம் கருத்தில், குடும்பம் மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: கட்டி எந்த நரம்பில் இருக்கிறது? கட்டி தீங்கற்றதாக இருக்கலாம், நரம்பை இழப்பது அப்படியல்ல. வேகஸ் பாதிக்கப்பட்டால் ஒரு குரல்நாண் செயலிழந்து குரல் கம்மும்; தண்ணீர் குடித்தாலே புரையேறும். சிம்பதெடிக் தொடர் என்றால் அந்தப் பக்கத்து இமை தாழும், கண்மணி சுருங்கும், முகத்தில் வியர்க்காது. சிலருக்கு ஒவ்வொரு வேளையும் முதல் கவளத்தை மெல்லும்போது மட்டும் தாடையில் கடும் வலி வந்து, அடுத்தடுத்த கவளங்களில் தணியும். கைக்குப் போகும் நரம்புக் கற்றை என்றால் கையே பலவீனமாகலாம். கைதேர்ந்த மருத்துவர் செய்தாலும் இவை நேரக்கூடும். மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் உஸ்தாதுக்கும், பாங்கு சொல்லும் மோதினாருக்கும், பள்ளி ஆசிரியைக்கும் குரல்தான் சம்பாத்தியம். அதைக் கையெழுத்துப் போடும் படிவத்தில் ஒரு வரியாக மட்டும் கடந்துவிடக் கூடாது.

ஆகவே எல்லாக் கட்டியையும் எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. சிறியது, தொல்லை இல்லை, படமும் சோதனையும் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை என்றால், குறிப்பாக வயதானவர்களுக்கு, குறிப்பிட்ட இடைவெளியில் ஸ்கேன் எடுத்துக் கவனித்து வருவதும் முறையான சிகிச்சையே. வேகமாக வளர்ந்தாலோ, வலித்தாலோ, மூச்சையும் விழுங்குதலையும் அழுத்தினாலோ, புற்று என்ற ஐயம் தீராவிட்டாலோ எடுக்கத்தான் வேண்டும்.

எடுப்பதிலும் முறை உண்டு. ஸ்வானோமா நரம்பு இழைகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு வளர்வதால், இழை இல்லாத இடத்தைச் சிறு மின்தூண்டலால் கண்டறிந்து, உறையை நீளவாக்கில் பிளந்து கட்டியை மட்டும் பிதுக்கி எடுக்க முடியும். உறையும் இழைகளும் இருந்த இடத்திலேயே இருக்கும். நரம்போடு சேர்த்து வெட்டி எடுப்பதைவிடக் குரலும் கையும் காப்பாற்றப்படும் வாய்ப்பு இதில் அதிகம். இந்த முறையில் செய்வீர்களா, நரம்பைக் கண்காணிக்கும் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். அதன்பிறகும் குரல் கம்மினால் மனம் உடைய வேண்டாம். பேச்சுப் பயிற்சி உண்டு. சில மாதங்களில் தானாகத் தேறுவதும் உண்டு. தேறாவிட்டால் குரல்நாணை நடுவுக்கு நகர்த்தும் சிகிச்சையும் இருக்கிறது.

நியூரோஃபைப்ரோமா என்ற வேறு வகை நரம்புக் கட்டியில் இழைகள் கட்டிக்குள்ளேயே ஊடாடுவதால் இப்படிப் பிரித்தெடுப்பது கடினம். உடலில் காப்பி நிறத் திட்டுகள் ஆறோ அதற்கு மேலோ இருந்தாலோ, வாப்பா உம்மா வழியில் யாருக்காவது உடம்பெங்கும் இத்தகைய கட்டிகள் இருந்தாலோ மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பரம்பரையாக வரும் அந்த நோயில் கட்டி புற்றாக மாறும் வாய்ப்பு கூடுதல். மணப்பேச்சு கெட்டுவிடும் என்று இதை மறைக்கும் வீடுகள் உண்டு.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை பெறலாம். இந்த அறுவை அதில் அடங்குமா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நம்மிடம் உதவி கேட்டு வருபவர்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு படங்களையும் கொண்டு வர வேண்டும். வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்க ரிப்போர்ட் மட்டும் போதாது. அவர் படத்தைத் தம் கண்ணால் பார்க்க விரும்புவார்.