இரவுக் கடமையும் வேலைத்திறனும்

யாமம், வைகறை என்னுஞ் சிறுபொழுதுகளை வகுப்பறையிற் கற்பிக்கின்றோம். அப்பொழுதுகளில் விழித்திருந்து பிறருயிர் காப்போரை நாம் நினைப்பது அரிது. எம்மோடு ஒரே வாங்கில் இருந்து கற்ற நண்பரொருவர் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தாதித் தொழில் புரிகின்றார். அண்மையில் எம்மைக் காண வந்தபொழுது, "முன்னர் இரவுக் கடமை முடிந்தால் ஓர் உறக்கத்தோடு உடம்பு தேறிவிடும், இப்போது இரண்டு நாட் சென்றுந் தேறுவதில்லை, எனக்கு ஊக்கங் குன்றிவிட்டதோ?" என்று வினவினார். அன்றென்பதே எமது துணிபு.

மூளையின் அடிப்பகுதியிலே, கண்நரம்புகள் குறுக்கிடும் இடத்திற்குச் சற்று மேலே, ஒரு சிறு நரம்பணுத் தொகுதி உண்டு. நம் உடலின் கடிகாரம் அதுவே. ஒளியால் இரவு பகலை அறிந்து உறக்கத்தையும் உடல் வெப்பத்தையும் நெறிப்படுத்துகின்றது. இக்கடிகாரம் உயிரணுவினுள் இயங்குமாற்றைக் கண்டறிந்த அமெரிக்க அறிஞர் மூவர் 2017 இல் நோபெல் பரிசு பெற்றனர். வைகறையில் உடல் வெப்பம் மிகத் தாழும், விழிப்புந் தளரும். மருந்தின் அளவைப் பிழையறக் கணிக்கவேண்டிய தாதிக்கும் வைகறை அத்தகையதே. காலையில் வீடு சென்று படுத்தாலோ, உறங்கவிடாது அக்கடிகாரமே எழுப்புகின்றது. இளையோர் இதனை ஒருவாறு தாங்குவர். நடுவயதின் பின் உறக்கம் மெலிவதாற் பகலுறக்கம் மேலுங் குறுகுகின்றது.

பின்லாந்தின் தொழிற்சுகாதார நிறுவனத்தார் 1981 இல் உள்ளூராட்சி ஊழியர்களைத் தொடர்ந்து ஆராயத் தொடங்கி, வேலைத்திறன் சுட்டி என்னும் அளவுகோலை வகுத்தனர். ஏழு கூறுகளைக் கொண்டு 7 முதல் 49 வரை புள்ளியிடுவது அது. 28 இலும் குறைந்தால் திறன் நலிந்ததென்பர். எம்மைக் கவர்ந்தது புள்ளியன்று, வினவும் முறையே. ஒருவர் வலியரோ மெலியரோ என்று அது கேட்பதோடு நின்றுவிடவில்லை. அவர் செய்யும் வேலை கேட்பதற்கு அவர் ஈடுகொடுக்கின்றாரா என்றுங் கேட்கின்றது. தராசில் இரு தட்டுக்கள் உள. நண்பரோ தமது தட்டை மாத்திரம் நோக்கி வருந்தினார்.

மற்றத் தட்டையுந் திருத்தலாம். காலை, மாலை, இரவு என முன்னோக்கிச் சுழலும் முறை, எதிர்முறையினும் உடலுக்கு இசைவானது; நம் உட்கடிகாரம் இயல்பாகவே 24 மணியினுஞ் சிறிது நீண்டு ஓடுவதே காரணம். தொடர்ந்துவரும் இரவுகளைக் குறைக்கலாம். மூத்தோரை இரவுக் கடமையினின்றும் விடுவிக்கலாம் என்றோம். நண்பர் தலையசைத்து, "அந்த இரவுகளை யார் பார்ப்பது? இளம்பிள்ளைகளே பார்க்கவேண்டும், அவர்களும் எம்மைப்போல விரைவில் தளர்வர்" என்றார். ஆளெண்ணிக்கையைக் கூட்டாது இதற்கு விடை காணல் இயலாதென்பதை ஒப்புக்கொண்டோம்.

ஏழு மணிக்கு அவருக்குக் கடமை. தேநீரை அருந்திவிட்டு எழுந்து சென்றார்.