வெள்ளையாகத் தெரிவதெல்லாம் மழை அன்று

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், வங்கக் கடல்மீது மேகம் திரண்டிருக்கும் செயற்கைக்கோள் படமொன்று கைப்பேசிகளில் சுற்றத் தொடங்கியதும், வெள்ளையாகத் தெரியும் இடமெல்லாம் மழை கொட்டுகிறது என்ற கதையும் உடன் கிளம்பிவிடுகிறது. எத்தனை முறை மறுத்தாலும் அடுத்த ஐப்பசியில் அதே கதை திரும்பி வருவது பொறுக்கத்தக்கதன்று. இன்சாட் வரிசைச் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்திலிருந்து அகச்சிவப்புக் கதிர்களில் எடுக்கும் அத்தகைய படங்கள், மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்துள்ளது என்பதைக் காட்டுகின்றனவேயன்றி, அதன் அடியில் என்ன விழுகிறது என்பதைக் காட்டுவதில்லை. பனித்துகள்களாலான மெல்லிய கீற்று மேகம் ஒரு துளியும் பெய்யாமலே வெளுத்துத் தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலையில் தென்மேற்குக் காற்று மோதுவதால் எழும் தாழ்ந்த மேகமோ, உச்சி அவ்வளவாகக் குளிராததால், படத்தில் மங்கிய சாம்பல் நிறத்தில் இருந்துகொண்டே கீழே கனமழை பொழியும்.

மேகத்தை ஊடுருவி மழையை உணர்வது நுண்ணலையே. எல்லாப் பொருள்களும் தம் வெப்பத்துக்கேற்ப நுண்ணலையை இயல்பாக வெளிவிடுகின்றன. கடல்பரப்பு அதைக் குறைவாகவே வெளிவிடுவதால் கருவிக்குக் குளிர்ந்ததாகத் தோன்ற, அதன்மேல் பெய்யும் மழைத்துளிகள் வெப்பமாகத் தனித்துத் தெரிகின்றன. நிலமோ தானே மிகுதியாக வெளிவிடுவதால் துளிகளின் குறி அதில் மறைந்துவிடுகிறது. அங்கே, மேகத்தின் மேற்பகுதியிலுள்ள பனிக்கட்டித் துகள்கள் 89 கிகாஹெர்ட்ஸ் போன்ற உயர் அதிர்வெண் அலைகளைச் சிதறடித்து உண்டாக்கும் குறைவைக் கொண்டே மழை கணிக்கப்படுகிறது. பனிப்பொழிவு இதனினும் கடினம். தரையில் கிடக்கும் பழைய பனியும் அலைகளை அவ்வாறே சிதறடிப்பதால், நீராவி தரையை மறைத்துவிடும் 183 கிகாஹெர்ட்ஸ் பகுதியின் துணை தேவைப்படுகிறது. நாசாவும் ஜப்பானின் ஜாக்ஸாவும் 2014 பிப்ரவரியில் ஏவிய உலக மழைப்பொழிவு அளவீட்டுத் திட்டத்தின் முதன்மைச் செயற்கைக்கோளில், இதற்கெனவே 10 முதல் 183 கிகாஹெர்ட்ஸ் வரை 13 தடங்கள் உள்ளன.

இக்கருவிகள் கதிர் பாய்ச்சி மேகத்தைக் கலைக்கின்றன என்பது வெறும் புரளி: நுண்ணலைக் கதிர்மானி எதையும் அனுப்புவதில்லை, பெறுவதோடு சரி; உடன் செல்லும் ரேடாரின் துடிப்புகளுக்கும் மேகத்தைக் கலைக்கும் ஆற்றல் கிடையாது. இத்தகைய கருவியை ஏந்திய ஒரே செயற்கைக்கோள் ஓர் ஊரை நாள் முழுவதும் கண்காணிக்கிறது என்பதும் தவறு. தாழ்ந்த பாதையில் சுற்றுவது சில நிமிடங்களில் கடந்துவிடும் என்பதால்தான், 2011இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்திய–பிரெஞ்சு மேகா-ட்ரோபிக்ஸ், வெப்பமண்டலத்தை அடிக்கடி கடக்கும்படி வெறும் 20 பாகைச் சாய்வில் சுற்றியது.

செயற்கைக்கோள் வந்தபின் மழைமானி எதற்கு என்று கேட்போர், மேற்சொன்ன முதன்மைச் செயற்கைக்கோளின் 10 கிகாஹெர்ட்ஸ் தடத்துக்கு ஒரு புள்ளி என்பதே ஏறத்தாழ 32 கி.மீ. நீளமும் 19 கி.மீ. அகலமும் கொண்டது என்பதை அறிய வேண்டும். நீலகிரியில் அந்தப் பரப்புக்குள் ஒரு சரிவு நனைய மறு சரிவு காய்ந்து கிடக்கலாம். அத்திட்டத்தின் இறுதி மழைக்கணக்கே, தரையிலுள்ள மழைமானிகளின் மாதாந்தரத் தொகையோடு ஒப்பிட்டுத் திருத்திய பின்னர்தான் வெளியாகிறது. ஆகவே ஒவ்வொரு ஊராட்சியும் பள்ளியும் ஒரு மழைமானியை, அருகிலுள்ள மரமும் சுவரும் தத்தம் உயரத்தைப் போல் இரு மடங்கேனும் விலகியிருக்கும் வெட்டவெளியில் நிறுவி, நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளவைப் பார்த்து, மழையில்லா நாளில் சுழியம் என்றும் விடாமல் ஏட்டில் பதிய வேண்டும்.