மலைச்சரக்குகளும் முதுமையில் நேரும் மறதி வியாதியும்

தேனி ஜில்லா போடிநாயக்கனூரைச் சுற்றியும், மேற்கேயுள்ள ஏலமலைச் சரிவுகளிலும் விளையும் ஏலம், மிளகு, காப்பி ஆகியவை முதுமையில் நேரும் மறதி வியாதியைத் தடுக்குமென்று சொல்லிப் பலவகைச் சூரணங்களும் மாத்திரைகளும் விற்கப்படுகின்றன. தங்கள் சரக்கைப்பற்றி எதை நம்பலாம், எதை நம்பலாகாது என்பதைப் பயிரிடுவோர் அறிந்திருத்தல் அவசியமாகும்.

வியாதியின் தன்மை

இவ்வியாதிகளில் முக்கியமானதை 1906-ம் வருஷத்தில் ஆல்சைமர் என்னும் ஜெர்மானிய வைத்தியர் முதன்முதலாக விவரித்தார். மூளையில் ஒருவகைப் புரதம் படிந்து நரம்பணுக்கள் சிறிது சிறிதாக மடிகின்றன. ஞாபகத்திற்கு உதவும் அசிட்டைல்கோலின் என்னும் வஸ்துவும் குறைகிறது. இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டோரில் 100-க்கு 7 பேருக்குமேல், அதாவது சுமார் 88 லக்ஷம் பேர், மறதி வியாதிகளால் பீடிக்கப்பட்டிருப்பதாக 2023-ல் வெளியான ஆராய்ச்சி மதிப்பிட்டிருக்கிறது. ஆகவே, மஞ்சளும் மிளகும் உண்ணும் தேசத்தில் இது வராதென்பது தவறான எண்ணம்.

சரக்குகளின் குணம்

ஏலம்: ஏலத் தைலத்திலுள்ள சினியோல், டெர்பினைல் அசிடேட் என்பவை, அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் என்ஸைமைச் சோதனைக் குழாயில் ஓரளவு தடுக்கின்றன. வைத்தியர்கள் இவ்வியாதிக்குக் கொடுக்கும் காலன்டமைன் என்ற மருந்தும் அதே என்ஸைமைத் தடுப்பதுதான். அதுவும் முதலில் ஒரு பூச்செடியின் கிழங்கிலிருந்தே எடுக்கப்பட்டது. ஆனால் தேநீரில் இடும் இரண்டொரு ஏலக்காயினால் வியாதி தீருமென்பதற்கு நிரூபணம் இல்லை.

மிளகு: மஞ்சளிலுள்ள குர்குமின் தனியே உட்கொண்டால் ரத்தத்தில் மிகச் சொற்பமாகவே சேர்கிறது. பெங்களூரில் நடந்து 1998-ல் வெளியான பரிசோதனையில், 2 கிராம் குர்குமினுடன் மிளகின் காரச் சத்தாகிய பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது அது சுமார் 20 மடங்கு அதிகமாகச் சேர்ந்தது. ஆயினும் மஞ்சள் தூளில் குர்குமின் 100-க்கு 3 பங்களவே உண்டு. 2 கிராம் பெற 60 கிராமுக்குமேல் மஞ்சள் தின்ன வேண்டும். இது நடவாத காரியம். கலிபோர்னியாவில் வியாதியஸ்தர்களுக்கு 24 வாரம் குர்குமின் கொடுத்துப் பார்த்ததில் குணம் ஏற்படவில்லையென 2012-ல் அறிவிக்கப்பட்டது.

காப்பி: பின்லாந்தில் 1,409 பேரைச் சராசரி 21 வருஷம் கவனித்து 2009-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நடுவயதில் நாள்தோறும் 3 முதல் 5 கோப்பை அருந்தியவர்களிடம் வியாதி குறைந்து காணப்பட்டது. காப்பியே இதற்குக் காரணமென்று இதைக்கொண்டு மட்டும் தீர்மானிக்க முடியாது. சிக்கரியில் காபீன் கிடையாது என்பதையும், அதிகச் சர்க்கரை நீரிழிவுக்கு இடந்தரும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

தோட்டத்திலுள்ள அபாயம்

ஏலத்தில் பேன், தண்டுத் துளைப்பான் முதலியவற்றுக்குத் தெளிக்கும் பாஸ்பரஸ் சேர்ந்த பூச்சிமருந்துகளும் மேற்சொன்ன அதே என்ஸைமையே தாக்குகின்றன. ஏலத்தின் வாசனைச் சத்து அதை லேசாகத் தடுக்கிறது. பூச்சிமருந்தோ அதை அடியோடு முடக்கி உயிருக்கே ஆபத்து விளைவிக்கக்கூடும். நெடுநாள் இம்மருந்துகளில் பழகிய கூலியாட்களின் ஞாபகமும் கவனமும் குன்றுவதாகப் பல ஆராய்ச்சிகள் கூறுகின்றன. சரக்கினால் வரும் நன்மை சந்தேகத்துக்குரியது. மருந்தினால் வரும் தீமை அப்படியன்று.

செய்ய வேண்டியவை

1. கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டையின்றி எவரையும் மருந்தடிக்க விடலாகாது. டப்பியில் கண்ட அளவை மீறாமலும், குறித்த காத்திருப்பு நாட்கள் கழியுமுன் காய் எடுக்காமலும் இருத்தல் வேண்டும்.

2. பச்சை நிறத்திற்காக ஏலக்காய்க்குச் சாயம் ஏற்றலாகாது. உணவுச் சட்டம் இதைத் தடுத்திருக்கிறது. மஞ்சளுக்குப் பளபளப்பூட்டும் ஈயக் குரோமேட் மூளைக்கு விஷமாகும்.

3. ரத்தக் கொதிப்பு, நீரிழிவு, புகை பிடித்தல், காது மந்தம் முதலிய 14 காரணங்களைச் சரிசெய்தால் மறதி வியாதியில் 100-க்கு 45 பங்குவரை தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடுமென 2024-ல் வைத்திய நிபுணர் குழு ஒன்று தெரிவித்தது.

4. பழகிய தோட்டத்தில் வழி தவறுதல், கொடுத்த பணத்தை மறத்தல், பத்திரத்தில் எழுதியிருப்பது விளங்காமை ஆகியவை கண்டால், வயதின் கோளாறென்று விட்டுவிடாமல் பெரியவர்களைக் கானாவிலக்கிலுள்ள அரசாங்க வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லவேண்டும். தைராய்டு, பி12 வைட்டமின் குறைவுகளால் வரும் மறதி சிகிச்சையினால் தீரக்கூடியது. இத்தகையோர் கையொப்பமிடும் நிலப் பத்திரங்களில் கிராம அதிகாரிகள் விசேஷக் கவனம் செலுத்துவது உசிதம்.

ஏலத்தையும் மிளகையும் உணவாகவும் வாசனைச் சரக்காகவும் சுத்தமாக விளைவித்து விற்பதே கௌரவம். மருந்தென்று சொல்லி விற்பது, வைத்தியரிடம் செல்ல வேண்டிய முதியவரைத் தாமதப்படுத்துவதாகும்.