கோத், குட், கௌட்: பேர் ஒத்துப்போனா போதுமா?

ஹாஸ்டல்ல 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' ஆடாத பேட்ச் உண்டா? அதுல நான் எப்பவும் எடுக்கறது கோத். காலாட்படையை வெள்ளமா இறக்கலாம், அவ்வளவுதான் காரணம். போன செமஸ்டர்ல ஒரு ராத்திரி இந்தப் பேர் எங்கிருந்து வந்துச்சுன்னு தேட ஆரம்பிச்சேன். மேப்பைத் திறந்தா, பால்டிக் கடலுக்கு நடுவே கோட்லாந்துன்னு ஒரு ஸ்வீடன் தீவு. அந்த நாட்டோட தென்பகுதிக்குப் பேர் யோட்டாலாந்து. ஆன்ஸர் கிடைச்சாச்சுன்னு ரூம்மேட்கிட்ட பெருமையா சொன்னேன். "பேர் ஒரே மாதிரி இருந்தா போதுமாடா?"ன்னு கேட்டான். நியாயமான கேள்வி.

போதாது. ஒலி மாற்றம் ஒழுங்கா, எல்லாச் சொல்லிலும் ஒரே மாதிரி நடந்திருக்கணும். யோட்டாலாந்து மக்களுக்குப் பழைய நார்ஸ் மொழியில் கௌட்டார் என்று பெயர். அங்கே 'ஔ' வரும் இடத்தில் ஸ்வீடிஷில் 'ஓ' போன்ற ஒலியும், பழைய ஆங்கிலத்தில் 'ஏஆ'வும் வரும். 'சிவப்பு' என்ற சொல்லை எடுத்துப் பாருங்க: ரௌத்ர், ரோத், ரேஆத். இப்போ கௌட்டார், யோட்டார், யேஆட்டாஸ். அதே வரிசை! (முதலில் வரும் 'க' இந்த மாதிரி உயிரொலிக்கு முன்னால் 'ய' ஆகிடும்.) 'பேயோவுல்ஃப்' காவியத்தின் நாயகன் இந்த யேஆட்டாஸ் கூட்டத்து ஆள்தான்.

ஆனா கோத் இதிலிருந்து நேரா வரலை. கோத் மக்களின் சொந்த மொழியில் அவர்கள் பெயர் 'குட்' என்றுதான் தொடங்கும். கோட்லாந்து தீவுக்காரர்களும் தங்களை குட்டார் என்கிறார்கள். குட், கௌட் ரெண்டும் 'ஊற்று' என்று பொருள்படும் ஒரே வேரின் ரெண்டு வடிவங்கள். உள்ளே இருக்கும் உயிர் மட்டும் மாறுது, சிங், சாங், சங் மாதிரி. தமிழ் கிளாஸ்ல சுடு–சூடு, கெடு–கேடுன்னு முதனிலை திரிந்த தொழிற்பெயர் படிச்சோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. 'ஊற்று' எதைக் குறிக்குது, ஆற்றையா மனுஷங்களையா என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் சண்டை.

பர்கண்டியர் கதை இன்னும் சுலபம். டென்மார்க்கின் போர்ன்ஹோம் தீவுக்குப் பழைய பெயர் பர்கண்டர்ஹோல்ம். வேரின் பொருள் 'உயரம்'. கடலிலிருந்து பாறையாக எழும் தீவுக்குப் பொருத்தமான பேர்தான். பிரான்ஸின் பர்கண்டிக்குப் பேர் தந்தது பர்கண்டியர் கூட்டம்.

பேர் ஏமாத்தவும் செய்யும். கி.பி. 98-ல் ரோமானிய எழுத்தாளர் டாசிடஸ், பால்டிக் கரையில் ஆம்பர் பொறுக்கும் ஏஸ்டி மக்களைப் பற்றி எழுதினார். பிரஷ்யா பக்கம் இருந்த அவர்கள் பால்டிக் மொழிக்காரர்கள் என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. இன்னைக்கு அந்தப் பேரைச் சுமக்கும் எஸ்டோனியாவின் மொழியோ ஃபின்னிஷின் சொந்தக்கார மொழி. 551 வாக்கில் கோத் வரலாறு எழுதிய ஜோர்டானஸ், டான்யூப் பக்கம் வாழ்ந்த கெட்டே என்ற வேறொரு மக்களை கோத்களோடு சேர்த்துக் குழப்பிவிட்டார். என் கேஸும் அதேதான், ஆனா அவர்கிட்ட கூகுள் இல்லை! வாண்டல்களையும் வெண்ட் என்ற ஸ்லாவியரையும் இதே மாதிரி குழப்பி, ஸ்வீடன் அரசர்கள் லத்தீனில் தங்களை வாண்டல்களின் அரசர் என்றே சொல்லிக்கொண்டார்கள். 'வெண்ட்களின் அரசர்' பட்டம் 1973 வரைக்கும் ஓடுச்சு.

இதெல்லாம் சிரிப்புக்கு. இது சிரிப்பு இல்லை: கோத்கள் கி.பி. முதல் நூற்றாண்டில் விஸ்டுலா ஆற்று முகத்துவாரம் பக்கம் வாழ்ந்தார்கள், பிறகு கருங்கடல் பக்கம் போய்விட்டார்கள். 1939 செப்டம்பரில் நாஜிப் படை அதே கரையில் இருந்த போலந்துத் துறைமுகமான க்டினியாவைப் பிடித்தது. ஊர்ப் பெயரை கோட்டன்ஹாஃபன், அதாவது 'கோத்களின் துறைமுகம்' என்று மாற்றியது. ஆயிரக்கணக்கான போலந்துக்காரர்கள் வீட்டைவிட்டு விரட்டப்பட்டார்கள். 1945-ல்தான் பழைய பேர் திரும்பி வந்தது.