ஒரே அளவுகோல்: நரசிம்ம ராவை எப்படி மதிப்பிடுவது?

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. 2024 பிப்ரவரியில் பி.வி. நரசிம்ம ராவுக்குப் பாரத ரத்னா அறிவித்ததிலிருந்து உங்கள் அலுவலகத்தில் வாக்குவாதம் ஓயவில்லை என்று எழுதியிருந்தீர்கள். திவாலாகும் நிலையில் இருந்த நாட்டைக் கரையேற்றியவர் என்று ஒரு தரப்பு. பாபர் மசூதி இடிபடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என்று இன்னொரு தரப்பு. கடைசியில் நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: “கூட்டிக் கழித்துப் பார்த்தால் மிச்சம் என்ன?”

ஐந்தாண்டு ஆட்சி என்பது கடைக் கணக்கு அல்ல. உயர்ந்த அந்நியச் செலாவணியை வரவிலும், மும்பைக் கலவரத்தில் மாண்டவர்களைச் செலவிலும் எழுதி மிச்சம் பார்க்க முடியாது. அதனால் தலைவர்களை மதிப்பிடவே முடியாது என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் மதிப்பிட வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை: பெருமையைப் பங்கிட எந்த அளவுகோலை எடுக்கிறோமோ, பழியைப் பங்கிடவும் அதையே எடுக்க வேண்டும். ராவைப் புகழ்பவர்களும் சரி, இகழ்பவர்களும் சரி, இதைச் செய்வதில்லை.

என்னுடைய அளவுகோல் மூன்று கேள்விகள்தான். அவருக்கு என்ன தெரிந்திருந்தது? அவர் கையில் என்ன அதிகாரம் இருந்தது? அதைக் கொண்டு என்ன செய்தார்?

முதலில் 1991. மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். ராவ் அந்தத் தேர்தலில் போட்டியிடவே இல்லை. எழுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். டெல்லி வீட்டைக் காலிசெய்து ஹைதராபாத் திரும்பும் ஏற்பாட்டில் இருந்தார். ஜூன் 21 அன்று அவர் பிரதமரானபோது காங்கிரசுக்கு மக்களவையில் பெரும்பான்மை இல்லை. பொருளாதார நிலைமை பற்றி அமைச்சரவைச் செயலர் நரேஷ் சந்திரா கொடுத்த குறிப்பைப் படித்த பிறகுதான் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்தது. கையிருப்பில் இருந்தது ஏறத்தாழ 100 கோடி டாலர். இரண்டு மூன்று வார இறக்குமதிக்கு மேல் அது தாங்காது. சந்திரசேகர் ஆட்சியிலேயே 20 டன் தங்கம் சுவிட்சர்லாந்து போயிருந்தது. ஜூலையில் ரிசர்வ் வங்கியின் கையிருப்பிலிருந்து 46.91 டன் தங்கம் மும்பையிலிருந்து விமானத்தில் ஏறியது. அதை இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளிடம் அடகு வைத்துக் கிடைத்தது சுமார் 40 கோடி டாலர். தாலி ஒன்றை அடகுக்கடைக்கு அனுப்புவதையே மானப் பிரச்சினையாகக் கருதும் நாட்டில் அந்தச் செய்தி எப்படி இறங்கியிருக்கும் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஜூலை 1 அன்றும் 3 அன்றும் இரண்டு தவணையாக ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது; மொத்தம் 18 சதவீதம் அளவுக்கு. முதல் தவணைக்கு எழுந்த எதிர்ப்பைப் பார்த்து ராவ் தயங்கினார். இரண்டாவதை நிறுத்தச் சொல்லி நிதியமைச்சர் மன்மோகன் சிங்கிடம் கூறினார். மன்மோகன் தொலைபேசியில் பிடித்தபோது, ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநர் சி. ரங்கராஜன் அறிவிப்பை ஏற்கெனவே வெளியிட்டுவிட்டிருந்தார். ராவ் அச்சமே அறியாதவர் என்று சித்திரம் வரைபவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அவர் பயந்தார். ஆனாலும் அறிவிப்பு வந்த பிறகு பின்வாங்கவில்லை.

ஜூலை 24 அன்று நடந்ததுதான் முக்கியமானது. நிதிநிலை அறிக்கையைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே நாளில், அதற்குச் சில மணி நேரம் முன்பு, புதிய தொழிற்கொள்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. என்ன தயாரிக்கலாம், எவ்வளவு தயாரிக்கலாம், எங்கே ஆலை வைக்கலாம் என்று ஒவ்வொன்றுக்கும் டெல்லியில் போய் நிற்க வேண்டிய உரிம முறை அன்றோடு 18 தொழில்கள் நீங்கலாக ஒழிந்தது. பெரிய நிறுவனங்கள் விரிவடைவதற்கு இருந்த தடை விலகியது. 34 தொழில்களில் 51 சதவீதம் வரை அந்நிய முதலீடு வரலாம் என்றானது. தொழில் துறையை ராவ் தன் கையிலேயே வைத்திருந்தார். இணை அமைச்சர் பி.ஜே. குரியனை விட்டு அறிக்கையைச் சபையில் வைக்கச் செய்துவிட்டு, பேச்சு முழுவதும் மன்மோகனின் பட்ஜெட் பக்கம் போகட்டும் என்று ஒதுங்கி இருந்தார்.

இங்கேதான் முதல் இரட்டை அளவுகோல். பிற்காலத்தில் காங்கிரஸ் கட்சி 1991இன் பெருமை முழுவதையும் மன்மோகன் சிங்குக்கு எழுதிவைத்தது. மன்மோகனின் அறிவையும் நேர்மையையும் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் தொகுதியோ, கட்சிக்குள் ஆள்பலமோ இல்லாத ஒருவர், உர விலையை 40 சதவீதம் உயர்த்துகிறேன் என்று பட்ஜெட்டில் சொன்னபோது சொந்தக் கட்சி எம்.பி.க்களே கொதித்தார்கள். உயர்வை 30 சதவீதமாக்கி, சிறு விவசாயிகளுக்கு விலக்குக் கொடுத்து, மற்றதைக் காப்பாற்றியது பிரதமரின் அரசியல். பன்னாட்டு நிதியத்தின் நெருக்கடியால் நடந்ததுதானே என்று கேட்பவர்களும் உண்டு. நெருக்கடி உண்மைதான். தங்கத்தின் மீது வாங்கிய கடன் சில மாதங்களிலேயே அடைந்துவிட்டது. 1994 மார்ச்சில் கையிருப்பு 1,900 கோடி டாலரைத் தாண்டியது. கழுத்தில் இருந்த கத்தி விலகிய பிறகும் தனியார் வங்கிகள் வந்தன, தேசியப் பங்குச் சந்தை வந்தது, 1994இன் தொலைத்தொடர்புக் கொள்கை வந்தது. ஆகவே மூன்று கேள்விகளையும் போட்டுப் பார்த்தால் பதில் தெளிவு: அவருக்குத் தெரிந்தது, கையில் அதிகாரம் இருந்தது, செய்தார். 1991 அவருடையது.

அவருடையது என்றால் அதன் குறைகளும் அவருடையவைதான். தொழிற்சாலைக்குப் பூட்டிய விலங்கு உடைந்தது. விவசாயத்துக்கு அதற்கு நிகரான ஒரு ஜூலை 24 வரவே இல்லை. சந்தையைத் திறந்த வேகத்தில் அதைக் கண்காணிக்கும் அமைப்புகள் வளரவில்லை. 1992இல் ஹர்ஷத் மேத்தா ஊழல் வெடித்தபோது, வங்கிப் பணம் எப்படிப் பங்குச் சந்தைக்குப் போனது என்று நாடே திகைத்தது. செல்பேசிக்குக் கதவு திறந்த அதே அமைச்சரவையின் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராம் வீட்டில் 1996இல் சிபிஐ கட்டுக்கட்டாகப் பணம் எடுத்தது.

இனி 1992 டிசம்பர் 6, பாபர் மசூதி இடிபட்ட நாள். ராவின் அபிமானிகள் இங்கே வந்ததும் குரலை மாற்றுவார்கள். சட்டம் ஒழுங்கு மாநிலப் பொறுப்பு; உத்தரப் பிரதேசத்தின் கல்யாண் சிங் அரசு மசூதியைக் காப்போம் என்று உச்ச நீதிமன்றத்துக்கே உறுதி கொடுத்திருந்தது; ஆளுநர் ஆட்சிக் கலைப்புக்கு எதிராக எழுதியிருந்தார்; பிரதமருக்குப் பெரும்பான்மை இல்லை. இவற்றில் ஒன்றும் பொய் இல்லை. இடிப்பை விசாரித்த லிபரான் ஆணையமும் 2009இல் தந்த அறிக்கையில் மத்திய அரசைக் குற்றம் சாட்டவில்லை. முதல் குற்றவாளிகள் இடித்தவர்களும், இடிக்கத் தூண்டியவர்களும், வாக்குக் கொடுத்துவிட்டு மீறிய மாநில அரசும்தான். இதில் குழப்பம் வேண்டாம்.

ஆனால் நம் மூன்று கேள்விகளைக் கேட்போம். தெரிந்திருந்ததா? தெரிந்திருந்தது. உள்துறைச் செயலராக இருந்த மாதவ் கோட்போலே, மசூதி வளாகத்தை மத்தியப் படைகள் கையகப்படுத்துவதற்கான திட்டத்தை நவம்பரிலேயே தயாரித்துவிட்டார். அதிகாரம் இருந்ததா? அயோத்திக்குப் பக்கத்திலேயே, பைசாபாத்தில், ஆயிரக்கணக்கான துணை ராணுவப் படையினர் காத்திருந்தார்கள். மாநில அரசைக் கலைக்க வழிசெய்யும் அரசியல் சட்டத்தின் 356ஆவது பிரிவு கையில் இருந்தது. என்ன செய்தார்? கரசேவகர்கள் நண்பகல் வாக்கில் ஏறினார்கள். மாலை 5 மணிக்குள் மூன்று கும்மட்டங்களும் தரையில் கிடந்தன. அந்த நீண்ட பிற்பகலில் டெல்லியிலிருந்து பயனுள்ள ஒரு நடவடிக்கையும் வரவில்லை.

356 என்றாலே தமிழர்களுக்குக் கசப்பு. 1976இலும் 1991இலும் திமுக ஆட்சி கலைக்கப்பட்டதைக் கண்டவர்கள் நாம். ஆகவே ராவ் அந்தப் பிரிவைத் தொடத் தயங்கியது அரசியல் சட்டத்தின் மீதிருந்த மரியாதையால்தான் என்று யாராவது சொன்னால் நமக்கு மனம் இளகும். இளக வேண்டாம். ஒன்பது நாள் கழித்து, டிசம்பர் 15 அன்று, இதே ராவ் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், இமாசலப் பிரதேசம் என்று மூன்று பாஜக அரசுகளை ஒரே நாளில் கலைத்தார். எஸ்.ஆர். பொம்மை வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றும் சொன்னது. பெரும்பான்மை இல்லாத பிரதமர், மசூதி நின்றபோது ஓர் அரசைத் தொடத் தயங்கினார். விழுந்த பிறகு மூன்றைக் கலைத்தார்.

பெரும்பான்மை இல்லாமலேதான் அவர் 1991 ஜூலையில் நாற்பதாண்டுக் கொள்கையைப் புரட்டினார். அங்கே அது அவருடைய துணிச்சலுக்குச் சான்று என்றால், இங்கே மட்டும் அது எப்படிச் சாக்கு ஆகும்? 1991இல் மன்மோகனுக்குப் பின்னால் நின்ற ராவைப் பாராட்டுகிறவர், 1992இல் கல்யாண் சிங்குக்குப் பின்னால் ராவை ஒளித்துவைக்கக் கூடாது. தொடர்ந்து வந்த மும்பைக் கலவரங்களில் மாண்டவர்கள் 900 பேர் என்று ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் கணக்கிட்டது. அந்த மரணங்களுக்கு எந்தப் பொருளாதார வளர்ச்சியும் ஈடாகாது.

இது தனித்த ஒரு சறுக்கல் என்றால் நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். 1984 நவம்பரில் டெல்லியில் சீக்கியர்கள் வேட்டையாடப்பட்டபோது உள்துறை அமைச்சர் யார்? ராவ்தான். டெல்லி போலீஸ் அவருடைய அமைச்சகத்தின் கீழ் இருந்தது. ராணுவம் வீதிக்கு வரத் தாமதமானது. அரசுக் கணக்குப்படியே இறந்தவர்கள் 2,733 பேர். சட்டத்தைக் காக்க வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, கும்பல் வன்முறைக்கு முன் அவர் இரண்டு முறை கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

1993 ஜூலையில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை 265க்கு 251 என்ற கணக்கில் அவர் முறியடித்தார். ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா எம்.பி.க்களுக்குப் பணம் கொடுத்து வாக்கு வாங்கியதாக வழக்கு வந்தது. 2000இல் தனி நீதிமன்றம் ராவைக் குற்றவாளி என்றது. 2002இல் டெல்லி உயர் நீதிமன்றம் விடுவித்தது. சட்டப்படி அவர் நிரபராதி. அதை மதிக்க வேண்டும். ஆனால் அந்த வழக்கையொட்டி, லஞ்சம் வாங்கிக்கொண்டு சபையில் வாக்களித்த உறுப்பினருக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று 1998இல் வந்த தீர்ப்பு, 2024 மார்ச்சில் ஏழு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றும்வரை நின்றது. அவர் ஆட்சியில் முளைத்த அந்த விவகாரத்தின் நிழல் நம் சட்டமன்றங்கள்மீதும் விழுந்து கிடந்தது.

இதே அளவுகோலால் நமக்குப் பிடித்தவற்றையும் அளக்க வேண்டும். தமிழ்நாட்டின் 69 சதவீத இட ஒதுக்கீட்டுச் சட்டத்தை ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்த 76ஆவது திருத்தம் 1994இல் ராவ் ஆட்சியில்தான் வந்தது. அதற்காக அவரைச் சமூகநீதிக் காவலர் ஆக்கிவிட முடியாது. சட்டம் இயற்றி, எல்லாக் கட்சிகளும் சேர்ந்து அழுத்தம் கொடுத்தது தமிழ்நாடு. அவர் குறுக்கே நிற்கவில்லை, வழிவிட்டார். அந்த அளவுக்கு நன்றி போதும். ஊராட்சி, நகராட்சிகளுக்கு உயிர் கொடுத்த 73, 74ஆவது திருத்தங்களின் மூலக் கனவு ராஜீவுடையது. 1989இல் மாநிலங்களவையில் தோற்ற அதை நிறைவேற்றிய பெருமை ராவுடையது. 1996இல் தமிழகக் காங்கிரஸ்காரர்கள் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சியும் அதிமுகவோடு கூட்டணி என்று முடிவெடுத்தவரும் அவரே. மூப்பனார் வெளியேறித் தமிழ் மாநில காங்கிரஸ் பிறந்தது. தமிழ்நாட்டில் காங்கிரஸ் அந்த அடியிலிருந்து இன்றுவரை எழவில்லை.

2004 டிசம்பர் 23 அன்று அவர் இறந்தபோது, டெல்லி அக்பர் சாலையிலிருந்த காங்கிரஸ் தலைமையகத்துக்குள் அவர் உடலைக் கொண்டுபோக விடவில்லை. வாசலுக்கு வெளியே நின்று ஹைதராபாத் போனது. ஒரு முன்னாள் பிரதமருக்கு, ஒரு கிழவருக்கு, அப்படிச் செய்திருக்கக் கூடாது. இருபதாண்டு கழித்து பாஜக அரசு அவருக்குப் பாரத ரத்னா கொடுத்தது. அன்று பூட்டிய கதவும் இன்று கொடுத்த விருதும் அந்தந்தக் கட்சியின் தேவைக்கானவை. குடிமக்களாகிய நமக்கு வேறொரு தேவை இருக்கிறது.

நாளை இன்னொரு பிரதமர், சாதனைக்கு “நான்” என்றும், கலவரத்துக்கு “மாநில அரசு” என்றும் சொல்வார். பொருளாதாரம் ஏறினால் தன் பெயரையும், இறங்கினால் உலகச் சூழலையும் காட்டுவார். அவர் எந்தக் கட்சியானாலும், நமக்குப் பிடித்தவரே ஆனாலும், அந்தத் தப்பிக்கும் வழியை அடைப்பதற்குத்தான் ராவைச் சரியாக மதிப்பிட வேண்டும்.

என் தீர்ப்பு இதுதான். 1991 ஜூலையில் இந்தியாவுக்குக் கிடைத்த பிரதமர் வேறு யாராக இருந்தாலும் இவ்வளவு திறமையாக அந்த வேலையைச் செய்திருப்பாரா என்பது சந்தேகம். அதற்காக அவர் நன்றிக்கு உரியவர். 1992 டிசம்பர் 6 அன்று தடுக்கக்கூடியதைத் தடுக்காமல் விட்டார். அதற்காக அவர் பழிக்கு உரியவர். ஒன்று மற்றதைக் கழிக்காது. உங்கள் அலுவலக நண்பர்களிடம் நீங்கள் தயங்காமல் சொல்லலாம்: மிச்சம் என்று எதுவும் இல்லை, இரண்டுமே முழுசாக அவருடையவை.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்